குளிர் இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121 கார். காலி வீதி நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றால் வெப்பமானி முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. கராஜில் காட்டியபோது, "எங்கட நாட்டில குளிர் எங்க இருக்கு? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கோ, பச்சைத் தண்ணியே போதும்" என்றார்களாம். அப்படிச் செய்யலாமா, வெயிலுக்கும் மழைக்கும் இந்தக் குளிரூட்டும் அமைப்பை எப்படிப் பராமரிப்பது என்பது கேள்வி.

முதலில் சுருக்கமான பதில். தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம், பச்சைத் தண்ணீரும் வேண்டாம். கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே ஓடும், அரிப்புத் தடுப்பு மருந்து கலந்த திரவம்; சூட்டுக்கேற்ப அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிட்டது. ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று, கூலன்டை ஆற்றும் ரேடியேட்டருக்குள் தானாகப் புகுந்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபான் செய்ய வேண்டும். ஆகவே ஃபான் சரியாகச் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் காற்று உள்ளே போக வழியில்லை. தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்காவிட்டால் வாகனம் மேட்டிலும் அதிவேகப் பாதையிலும் முதலில் சூடேறும். ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால் அடுத்த முறை யார் என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியும்போது அந்த வாயு 2000 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. சிலிண்டர்களுக்கு மேல் மூடிபோல் இருக்கும் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரம் வரை போய்ச் சேருவதில்லை. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி உலோகத்தில் ஏறி நிற்கிறது. அதை ஓயாமல் வெளியே எடுத்துப் போடாவிட்டால் சில நிமிடங்களிலேயே ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கெஸ்கட் எரிந்து, பெரிய செலவு வந்துவிடும். பெரும்பாலான முச்சக்கர வண்டிகளில் காற்றை நேரே எஞ்சின் மேல் படவிட்டே சமாளிக்கிறார்கள். கார் எஞ்சினுக்கு அது போதாது.

எனவே சிலிண்டர்களைச் சுற்றியும் ஹெட்டுக்குள்ளும் துவாரங்கள் விட்டு, அவற்றுக்குள் கூலன்டை ஓடவிடுகிறார்கள். உங்கள் காரில் பெல்டால் சுற்றும் வோட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. சூடான கூலன்ட் மேல் ஓஸ் எனும் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய தட்டைக் குழாய்களில் ஓடி, குழாய்களுக்கு இடையில் இருக்கும் தகடுகள் மூலம் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, கீழ் ஓஸ் வழியாகத் திரும்பி வருகிறது. ஒரு சிறு கிளை டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டருக்குப் போகும். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கொழும்பில் அந்த ஹீட்டரை யாரும் போடுவதில்லை, ஆனால் ஆபத்து நேரத்தில் அது கைகொடுக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அதற்குள் மெழுகு அடைத்த ஒரு சிறு உருளை இருக்கிறது. குறிப்பிட்ட வெப்பம் வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். டொயோட்டாக்களில் 82 பாகை பொதுவானது. அந்த எண் தெர்மோஸ்டாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதுவரை கூலன்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைத்துச் சீக்கிரம் சூடாக்கும். அப்புறம் எஞ்சின் எப்போதும் 85க்கும் 100க்கும் இடையில் நிற்கும்படி கூடக் குறையத் திறந்து கொடுக்கும். நம் ஊரில் குளிர் இல்லை என்பது உண்மை. ஆனால் கொழும்பின் 32 பாகை வெயிலும் எஞ்சினுக்குக் குளிர்தான். அதற்குத் தேவைப்படும் சூட்டுக்கு இன்னும் 50 பாகை குறைகிறது. எஞ்சின் சூடாகும்வரை அதன் கணினி கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். எரிதலில் உண்டாகும் நீர் ஆவியாகிப் போக முடியாமல் ஒயிலில் கலந்து கசடாகும். பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் திரும்புவது போன்ற குட்டி ஓட்டங்களில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் ஒருநாளும் சரியான சூட்டுக்கு வராது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம் இன்னொரு தட்டு இருக்கும். பிரதான வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு எஞ்சினுக்குள் சுற்றிவரும் குறுக்குவழியை மூடும். முழுவதையும் கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் சுற்றும். மேட்டில் ஏறும்போது, அதாவது எல்லாக் குளிர்ச்சியும் தேவைப்படும் நேரத்தில், சூடு முன்னைவிட மோசமாக ஏறும். நகரத்துக்குள் மெதுவாக ஓடும்போது மட்டும் முள் கீழே நிற்பதால் வைத்தியம் பலித்ததுபோல் தோன்றும். உண்மையான பழுது அப்படியே உள்ளே இருக்கும்.

தெர்மோஸ்டாட்டில் சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் முட்டாதபடி தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் விட்டு அடுப்பை மூட்டுங்கள். பொறித்திருக்கும் எண்ணை ஒட்டி வால்வு மெல்ல விலகத் தொடங்க வேண்டும். கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். ஆறவிட்டால் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதன் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சிறு ஊசி போன்ற காற்று வால்வு மேல்பக்கம் வரட்டும். காற்று வெளியேறும் வழி அதுதான். ரப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இந்த அமைப்பில் மிகவும் மலிவான பாகங்களில் ஒன்று, மிகவும் அலட்சியமாகப் பார்க்கப்படுவதும் அதுதான். அதன் மேல் 88 அல்லது 108 என்றோ, வேறு அலகில் 0.9 அல்லது 1.1 என்றோ எழுதியிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரும்வரை அது கூலன்டை உள்ளே அடைத்து வைத்திருக்கும். திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், இந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் ஏழெட்டுப் பாகை கிடைக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் இந்தக் காப்பு அத்தனையும் போய்விடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். கொழும்பில் எப்படியோ சமாளித்து ஓடிய பழுதான மூடி நுவரெலியா வழியிலுள்ள இறம்பொடை ஏற்றத்தில் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரியும் கூலன்ட் மூடியைத் தாண்டிப் பக்கத்துப் பிளாஸ்ரிக் போத்தலுக்குப் போகும். எஞ்சின் ஆறும்போது மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு திறந்து அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆறிய எஞ்சினில் மேல் ஓஸ் சப்பையாகச் சுருங்கிக் கிடந்தால் அந்தச் சிறு வால்வு அடைத்துவிட்டது என்று அர்த்தம். போத்தலில் நிறையக் கூலன்ட் நிற்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். மூடி உறிஞ்சவில்லை என்றால் போத்தல் நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்துபோயிருக்கும். காலையில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து பார்ப்பதுதான் சரியான வழி. அப்போது கழுத்துக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். சுத்தமான சிவப்போ பச்சையோ வந்தால் நல்லது. மண்ணிறச் சேறு வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

கூலன்ட் எதற்கு என்ற கேள்வியின் மையம் இந்தத் துருவில் இருக்கிறது. வெப்பத்தை எடுத்துச் செல்வதில் பச்சைத் தண்ணீர் கூலன்டைவிடக் கெட்டிக்காரன். உறையும் குளிரும் நமக்கு இல்லை. ஆனால் ஒரு எஞ்சினுக்குள் அலுமினியம், இரும்பு, சில இடங்களில் செம்பு, ஈயப்பற்று, ரப்பர் எல்லாம் ஒரே சூடான தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கின்றன. காப்பு மருந்து இல்லாத தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், இரும்பைத் துருவாக்கும், அந்தத் துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். பம்பின் சீலுக்கும் அது கேடு. கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். நம் ஊரில் சூடு ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை, அரிப்பும் ஓய்வதில்லை. அதனால் குளிர் நாட்டுக்காரரைவிட நமக்குக் கூலன்டின் தேவை குறைவு என்று நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீரோடு கலக்கும் அளவில் வேண்டுமானால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஜப்பானிலேயே வெப்பமான பகுதிகளுக்கு 30 சதவீதமும் குளிர்ப் பகுதிகளுக்கு 50 சதவீதமும்தான் வழக்கம். நமக்கு 30க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். கலந்தே வரும் போத்தலை வாங்கினால் அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

அடர் கூலன்டைக் கலக்கும் தண்ணீரும் முக்கியம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவதால் அவ்வளவு கடினம் இல்லை. ஆனாலும் வறட்சி நீண்டால் கடல் நீர் களனியில் மேலேறி அம்பத்தலை வரை உப்பு எட்டிய காலங்கள் உண்டு, உப்பு அலுமினியத்துக்கு எதிரி. பற்றரிக்கு ஊற்றும் வடிநீர்தான் பாதுகாப்பு. அசிட் கலந்த போத்தலை மாறி எடுத்துவிடாதபடி லேபிளைப் பாருங்கள்.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவது நல்லதல்ல. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் போடும் சாயம். ஜப்பான் வாகனங்களுக்குப் பொஸ்பேற் உள்ள, சிலிக்கேற் இல்லாத நீண்டகாலக் கூலன்ட் பொருந்தும். ஐரோப்பிய வாகனங்கள் பலவற்றுக்கு நேர்மாறு. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் மருந்து செயலிழக்கலாம், சிலவேளை கூழாகவும் திரளலாம். பழைய சிவப்பு டொயோட்டா கூலன்டை இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். பிந்திய இளஞ்சிவப்புக் கூலன்டுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், அதன்பின் ஒவ்வொரு 80,000க்கும். கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் வயது ஓடும். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் வீதியில் ஓடும் பெரும்பாலான ஜப்பான் கார்களில் தொழிற்சாலையில் ஊற்றிய கூலன்டின் காலம் முடிந்துவிட்டது, அல்லது முடியப்போகிறது. உங்கள் 121இல் இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றுவதே வழி.

சரி, உங்கள் காருக்குத் திரும்புவோம். எஞ்சினை ஸ்ரார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பொனட்டைத் திறந்து, கையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு ஃபானைப் பாருங்கள். ஏசி போட்ட சற்று நேரத்தில் அது சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஃபான் மோட்டார் என்று அந்த வரிசையில் தேடச் சொல்லுங்கள். மோட்டாரின் கார்பன் தேய்ந்தால் சில நேரம் சுற்றும், சில நேரம் சுற்றாது; தட்டிவிட்டால் சுற்றும். அப்படி இருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்னொரு அடையாளமும் உண்டு. நெரிசலில் நிற்கும்போது முள் ஏறுவதற்கு முன்பே ஏசி காற்று வெதுவெதுப்பாகிறதா? ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரும் அதே ஃபானை நம்பித்தான் இருக்கிறது. ஃபான் சோர்ந்தால் முதலில் முறைப்பாடு செய்வது ஏசி.

ஃபான் ஒழுங்காகச் சுற்றினால் அடுத்த இடம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய இடைவெளி. முன்னால் இருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், ஆபத்து அதற்குப் பின்னால் இருக்கும். ஒரு டோர்ச்சை மேலிருந்து அந்த இடைவெளிக்குள் அடித்துப் பாருங்கள். வேப்பிலைக் காம்பு, பூச்சிச் சிறகு, நாய் பூனை மயிர், வீதிப் புழுதி எல்லாம் ஈரத்தில் ஒட்டிக் கம்பளி விரித்ததுபோல் ரேடியேட்டரின் முகத்தை மூடியிருப்பதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். சேர்விஸ் நிலையத்தில் அதிவேகத் தண்ணீரை முன்னாலிருந்து அடித்தால் அந்தக் குப்பை இன்னும் உள்ளே இறுகும், தகடுகளும் மடங்கும். சாதாரணத் தோட்டக் குழாயால், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, நிதானமாகக் கழுவ வேண்டும். ஃபான் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தால் இன்னும் நன்று. மரைன் டிரைவில் நிறுத்தி வைக்கும் கார்களுக்கு இது கட்டாயம். கடல் உப்பு அந்தத் தகடுகளைத் தின்று, விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர வைக்கும். தகடு உதிர்ந்த ரேடியேட்டரை எத்தனை முறை கழுவினாலும் வெப்பம் வெளியேறாது, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது ஒரு சொல். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எல்லாப் பாகங்களும் ரீகண்டிஷனில், அதாவது பாவித்தவையாகக் கிடைக்கும், கதவுக்கும் விளக்குக்கும் அது அருமையான இடம். ஆனால் பாவித்த ரேடியேட்டரின் உள்ளே எவ்வளவு படிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதன் இரண்டு பக்கத்துப் பிளாஸ்ரிக் தொட்டிகளும் வயதில் வெடிப்பவை. ரேடியேட்டர், ஓஸ், மூடி, தெர்மோஸ்டாட் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள். மூடியில் பழையதில் இருந்த அதே எண் இருக்கட்டும்.

பருவத்துக்கு ஏற்ற பராமரிப்பு என்றால் எங்கள் ஆண்டு மழையாலும் பயணங்களாலும் பிரிகிறது. முதல் பெரிய சோதனை பங்குனி, சித்திரை. ஏப்ரல் 5ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது, காற்றும் அசையாது. அதே நேரத்தில்தான் புத்தாண்டு விடுமுறைக்குப் பாதிக் கொழும்பு நுவரெலியாவுக்குக் கிளம்புகிறது. நாலைந்து பேர், சாமான், ஏசி, முதலாம் இரண்டாம் கியரில் நீண்ட ஏற்றம், முன்னால் ஊர்ந்துபோகும் பஸ். வேகம் இல்லாததால் காற்று இல்லை, எஞ்சினோ முழுப் பலத்தில் வேலை செய்கிறது. கடுகண்ணாவையிலும் கினிகத்தேனையிலும் பொனட் திறந்தபடி ஓரத்தில் நிற்கும் வாகனங்கள் இப்படி வந்தவை. ஆகவே மார்ச் மாதத்திலேயே ஃபான், மூடி, இடைவெளிக் குப்பை, கூலன்ட் மட்டம், பெல்ட், ஓஸ் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுங்கள். ஆறிய ஓஸை அமுக்கிப் பாருங்கள். உள்ளே மொறுமொறுவென்று நொறுங்குவதுபோலவோ கிளிப் பக்கத்தில் ஊதியோ இருந்தால் மாற்ற வேண்டும். வோட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அதைச் சுற்றிக் காய்ந்த இளஞ்சிவப்பு அல்லது பச்சைக் கறை தெரிந்தால் பம்பின் சீல் போகத் தொடங்கிவிட்டது.

மே மாதத்தில் தென்மேல் பருவமழை வரும். வெப்பம் குறைவதால் பலர் எஞ்சினை மறந்துவிடுவார்கள். மழைக்காலத்தின் ஆபத்து வேறு மாதிரி. வெள்ளத்துக்குள் வேகமாகப் போனால் சுற்றும் ஃபானின் இறக்கைகள் தண்ணீரில் அடிபட்டு உடையும், ஃபான் மோட்டருக்குள் தண்ணீர் போகும். 2016 மே வெள்ளத்தில் களனிக் கரையோரம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எவ்வளவு நீர் நின்றது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிச் சேற்று நீரில் நின்ற காரின் ரேடியேட்டரில் சேறு காய்ந்து கல்லாகும். காய்வதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். நிலம் எப்போதும் ஈரமாக இருப்பதால் மெல்லிய லீக்கும் கண்ணுக்குப் படாது. மழை மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை போத்தலின் மட்டத்தைப் பாருங்கள், ஒரு மார்க்கர் கோடு போட்டு வைத்தால் ஏமாற்றாது.

ஆடி, ஆவணியில் ஆடிவேல் தேர் வரும் நாட்களில் காலி வீதி எப்படி ஊரும் என்று சொல்லத் தேவையில்லை. அதையடுத்து நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டம். கொழும்பில் மழை பெய்தாலும் வவுனியாவைத் தாண்டினால் அனல் காற்று. இது மலை ஏற்றத்தைப்போல் இல்லை. வேகமும் காற்றும் உண்டு, ஆனால் எஞ்சின் மணிக்கணக்கில் ஓய்வின்றி ஓடும். நகரத்தில் நன்றாக இருந்துவிட்டு நெடும்பாதையில் சூடேறினால் ரேடியேட்டரின் உள் அடைப்பு, பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் என்று தேடுங்கள். வழியில் கிணற்றுத் தண்ணீரைத் தேடி அலையாமல் கலந்த கூலன்ட் ஒரு போத்தல் டிக்கியில் இருக்கட்டும். ஐப்பசி முதல் தை வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் பெல்ட் கீச்சிட்டால் அதன் இறுக்கத்தைப் பார்த்தால் போதும்.

கூலன்ட் மாற்றுவதை நீங்களே செய்யலாம். எஞ்சின் முழுதாக ஆறியபின் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து வடியுங்கள். சுத்தமான தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டுத் திரும்ப வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதைத் தொடருங்கள், கடைசிக் கழுவல் வடிநீரில். எஞ்சினுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், கழுவியபின் ஊற்றும் கலவையைக் கொஞ்சம் அடர்த்தியாக வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது காரின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றி, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, ஓஸ்களை விட்டுவிட்டு அமுக்குங்கள், குமிழிகள் வந்து அடங்கும். உள்ளே காற்று தங்கினால் புதிய கூலன்டோடும் எஞ்சின் சூடேறும். வடித்த கூலன்டை வடிகானில் ஊற்றாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், பூனையும் நாயும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும், குழந்தைகளுக்கும் கொடிய நஞ்சு. மூடியுள்ள போத்தலில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.

வீதியில் முள் சிவப்பை நோக்கிப் போனால் ஏசியை உடனே நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அந்தக் குட்டி ரேடியேட்டர் கொஞ்சம் வெப்பத்தை இழுத்து எடுக்கும். முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பற்றரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்போது ஒரு நிமிடமும் ஓடவிடக் கூடாது. மூடியைத் திறக்கவே வேண்டாம். 110 பாகைக் கூலன்ட் அழுத்தம் விடுபட்ட கணத்தில் ஆவியாக மாறி முகத்துக்கு வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஓஸை அமுக்கி அது மென்மையாக இருக்கிறதா என்று பார்த்து, தடித்த துணியை வைத்துத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்தால் ஹெட் வெடிக்கலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கூலன்ட் முழுவதும் கொட்டிப்போனால் வெப்ப உணரி வெறும் ஆவியில் நிற்பதால் முள் திடீரென்று இறங்கிக் காட்டலாம். ஏறிய முள் காரணமில்லாமல் விழுந்தால் அது நல்ல செய்தி இல்லை.

ரேடியேட்டர் லீக் என்றால் மஞ்சள்தூள் போடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு, கடையில் பவுடரும் விற்கிறார்கள். காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்துசேர அது உதவலாம். வந்ததும் முழுவதையும் கழுவி எடுத்து லீக்கைச் சரிசெய்யாவிட்டால், அதே தூள் ரேடியேட்டரையும் ஹீட்டரையும் அடைக்கும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு குறிப்பு. டொயோட்டாவின் அக்வாவிலும் மூன்றாம் தலைமுறை ப்ரியஸிலும் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது, பார்த்துப் பிடிக்கப் பெல்ட் இல்லை. பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனியாக இன்னொரு கூலன்ட் போத்தல் இருக்கிறது, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. முள் இல்லாத கார்களில் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டுமே. சிவப்பு எரியும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடும். காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி செருகியில் மாட்டும் சிறு புளூடூத் கருவி ஒன்று வாங்கினால் கூலன்டின் உண்மையான பாகையைத் தொலைபேசியிலேயே பார்க்கலாம். முள் உள்ள கார்களுக்கும் அது நல்லது. பல கார்களில் முள் 80க்கும் 100க்கும் இடையில் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

உங்கள் 121க்கு இந்த வாரம் நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் ஏசி போட்டு ஃபானைப் பாருங்கள், அப்புறம் இடைவெளிக் குப்பையைக் கழுவுங்கள், மூடியைப் புதிதாகப் போடுங்கள், கூலன்டை மாற்றுங்கள். இதற்குப் பின்னும் நெரிசலில் முள் ஏறினால், அல்லது வெளியில் லீக் இல்லாமலே கூலன்ட் குறைந்தால், அல்லது காலையில் ஆறிய எஞ்சினை ஸ்ரார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல்போல் இறுகினால், ஹெட் கெஸ்கட் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ரேடியேட்டர் கழுத்தில் ஒரு குழாயை வைத்து நீல நிறத் திரவத்தின் வழியே அந்த ஆவியை உறிஞ்சிப் பார்ப்பார்கள். எரிந்த வாயு கசிந்தால் திரவம் மஞ்சளாகும். அந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், வேறொரு கராஜிலும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.